புதிதாக அசெம்பிள் செய்த கணினி: விண்டோஸ் 11 காப்பி முடிகிறது, ரீஸ்டார்ட் ஆனதும் பூட் ஆகவில்லை

குடியாத்தம்காரன்:

வணக்கம். அப்பாவின் லுங்கி வியாபாரக் கணக்குக்கும் தங்கையின் கல்லூரி வேலைக்கும் சேர்த்து வீட்டிலேயே ஒரு கணினி அசெம்பிள் செய்திருக்கிறேன், விண்டோஸ் போடும் இடத்தில் வந்து நிற்கிறது, தெரிந்தவர்கள் கொஞ்சம் பாருங்கள்.

உள்ளே இருப்பது ரைசன் 5 5600ஜி பிராசசர், பி550 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பாதி சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது, மீதி ஆன்லைனில், எல்லாம் புதுசு. கூடவே, போர்டு செத்துப்போன பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கையும் சாட்டா கேபிளில் மாட்டியிருக்கிறேன். அதில் விண்டோஸ் 10 இருந்தது, அது போனால் போகட்டும், ஆனால் அப்பாவின் பல வருடக் கணக்கும் அக்கா கல்யாணப் போட்டோ, வீடியோ எல்லாமும் அதில்தான் இருக்கின்றன. வேறு எங்கும் காப்பி இல்லை.

நடப்பது இதுதான். ஆன் செய்தால் பயாஸ் திரை (விண்டோஸுக்கு முன் போர்டே காட்டும் செட்டிங் திரை) ஒழுங்காக வருகிறது, ரேம் 16 ஜிபி காட்டுகிறது, இரண்டு டிஸ்க்கும் தெரிகின்றன. ரூஃபஸ் என்ற மென்பொருளில் எழுதிய பென் டிரைவிலிருந்து விண்டோஸ் 11 செட்டப் திறக்கிறது. எஸ்எஸ்டியில் காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்தால் காப்பி ஓடுகிறது. சில சமயம் பாதியில் 80070570 என்று முடியும் ஒரு பிழை எண் வந்து நின்றுவிடுகிறது, சில சமயம் முழுதாக முடிந்து ரீஸ்டார்ட் ஆகிறது. அதற்குப் பிறகுதான் சிக்கல். விண்டோஸ் லோகோ வந்து வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, எவ்வளவு நேரம் விட்டாலும் அதே நிலை. நடுவில் நீலத் திரை வந்து பூட் டிவைஸை அணுக முடியவில்லை என்றும் சொன்னது. பழைய டிஸ்க்தான் குழப்புகிறதோ என்று அதைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால், பூட் ஆகிற டிஸ்க்கே இல்லை என்று கருப்புத் திரையில் ஒரே ஒரு வரி. பழைய டிஸ்க் இருந்தால் தொங்குகிறது, இல்லாவிட்டால் எஸ்எஸ்டியில் ஒன்றுமே இல்லை என்கிறது.

விண்டோஸுக்கு மாற்றான உபுண்டு 24.04 இன்னொரு பென் டிரைவில் இருக்கிறது, இன்ஸ்டால் செய்யாமல் சும்மா திறந்து பார்த்தால் அது நன்றாக ஓடுகிறது. ஆனால் அப்பாவின் கணக்கு மென்பொருளுக்கு விண்டோஸ்தான் வேண்டும், 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேறு போட வேண்டும். எஸ்எஸ்டி பழுதாக இருக்குமோ? திருப்பிக் கொடுத்து மாற்றிவிடலாமா?

காட்பாடி ஜங்ஷன்:

எஸ்எஸ்டியை மாற்றக் கிளம்பாதீங்க ப்ரோ, முதலில் பயாஸ் செட்டிங்கைப் பாருங்கள். விண்டோஸ் 11க்கு யூஈஎஃப்ஐ பூட் (இப்போதைய போர்டுகளின் பூட் முறை), செக்யூர் பூட் வசதி (நம்பகமான பூட் ஃபைலை மட்டும் ஓடவிடுவது), டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் பகுதி) மூன்றும் வேண்டும். உங்கள் போர்டில் டிபிஎம் தனியாக வாங்கத் தேவையில்லை, ஏஎம்டி எஃப்டிபிஎம் என்று ஒரு ஆப்ஷன் இருக்கும், அது ஆனில் இருக்கட்டும், சிஎஸ்எம் (பழைய பூட் முறைக்கான ஆப்ஷன்) ஆஃபில் இருக்கட்டும். ரூஃபஸில் எழுதும்போது பார்ட்டிஷன் ஸ்கீம் (டிஸ்க்கைப் பிரித்துக் குறித்துவைக்கும் முறை) ஜிபிடி, டார்கெட் யூஈஎஃப்ஐ என்று இருந்ததா என்றும் பாருங்கள். சில பேர் ஐஎஸ்ஓவுக்குள் (டவுன்லோடு செய்யும் விண்டோஸ் செட்டப் ஃபைல்) இருக்கும் ஃபைல்களை அப்படியே பென் டிரைவுக்கு இழுத்துப் போடுவார்கள், அது இப்போது சரிப்படாது, இன்ஸ்டால் விம் என்ற ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டிவிடும், ஃபேட்32 ஃபார்மட்டில் உள்ள பென் டிரைவ் அதை ஏற்காது.

இதெல்லாம் சரியாக இருந்தால் செட்டப் திரையில் ஷிஃப்ட் எஃப்10 அழுத்துங்கள், கட்டளைத் திரை வரும். அதில் டிஸ்க்பார்ட் என்ற டிஸ்க் பிரிக்கும் கருவியைத் திறந்து டிஸ்க் 0வைத் தேர்ந்தெடுத்து கிளீன் கொடுத்து, ஜிபிடிக்கு மாற்றிவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள். காப்பி முடிந்து முதல் ரீஸ்டார்ட் ஆகும்போது பென் டிரைவைப் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் மறுபடி செட்டப்புக்கே போய்விடும்.

சத்துவாச்சாரி:

தம்பி, மேலே சொன்ன கிளீன் கட்டளையை இப்போது அடிக்கவே அடிக்காதீர்கள். பழைய டிஸ்க் மாட்டியிருக்கும்போது டிஸ்க் 0 எது, டிஸ்க் 1 எது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, பல போர்டுகளில் சாட்டா டிஸ்க்தான் 0 ஆக வரும், என்விஎம்இ அதற்கு அடுத்துதான். கிளீன் என்பது கேள்வி கேட்காது, உறுதியா என்று ஒரு முறைகூட எச்சரிக்காது, ஒரு நொடியில் பார்ட்டிஷன் விவரம் எல்லாம் போய்விடும். அக்கா கல்யாணப் போட்டோவும் அப்பா கணக்கும் அதோடு போகும். காட்பாடி நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், ஒரே டிஸ்க் உள்ள மெஷினில் அது சரியான வழியும்கூட, உங்கள் மெஷினில் கூடாது.

நான் வேலூரில் பல வருடமாக சர்வீஸ் பார்க்கிறேன். பூட் ஆகவில்லை என்று யார் வந்தாலும் முதலில் கேட்பது எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத்தான். ஃபேன் சுற்றியும் திரை வரவில்லை என்றால் ரேம் சரியாக உட்காரவில்லையா, பிராசசருக்குப் போகும் 8 பின் கேபிள் விட்டுப்போனதா, போர்டின் பயாஸ் அந்த பிராசசருக்கு முந்தியதா என்று தேட வேண்டும், போர்டு ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று சின்ன விளக்குகள் இருந்தால் எது எரிகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். உங்களுக்கு அந்தக் கட்டமெல்லாம் தாண்டிவிட்டது. பயாஸ் வருகிறது, செட்டப் திறக்கிறது, உபுண்டு ஓடுகிறது. அதனால் போர்டு, பிராசசர், எஸ்எம்பிஎஸ் மூன்றின் மேலும் எனக்குச் சந்தேகம் இல்லை. நிற்பது விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் லோடரைத் தேடும் இடத்தில்.

யூஈஎஃப்ஐ முறையில் ஒரு கணினி பூட் ஆக வேண்டுமானால் ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று சின்னதாக ஒன்று வேண்டும், ஃபேட்32 ஃபார்மட்டில் இருக்கும், விண்டோஸ் தானாக உண்டாக்கினால் பெரும்பாலும் 100 எம்பி. பூட் லோடர் அதற்குள்தான் உட்காரும். ஆனால் கணினியில் ஏற்கெனவே வேறொரு டிஸ்க்கில் அப்படி ஒரு பார்ட்டிஷன் இருந்தால் செட்டப் புதிதாக ஒன்றை உண்டாக்காமல் பழையதிலேயே பூட் லோடரை எழுதிவிடுவது உண்டு. விண்டோஸ் 10 போட்டு விற்ற லேப்டாப் டிஸ்க் என்றால் அதில் அந்தப் பார்ட்டிஷன் கட்டாயம் இருக்கும். அதனால் விண்டோஸ் ஃபைல் எல்லாம் எஸ்எஸ்டிக்குப் போயிருக்கிறது, பூட் லோடர் பழைய டிஸ்க்குக்குப் போயிருக்கிறது என்பது என் கணிப்பு. புது வீட்டுக்குக் குடிபோய்விட்டு சாவியைப் பழைய வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்த மாதிரி. பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் எஸ்எஸ்டியில் பூட் ஆக எதுவும் இல்லை என்று பயாஸ் சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

ஊகத்தில் விட வேண்டாம், பார்த்துவிடலாம். இரண்டு டிஸ்க்கும் மாட்டிய நிலையில் பயாஸில் பூட் வரிசையைப் பாருங்கள். விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற வரியின் பக்கத்திலேயே பல போர்டுகளில் அது எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று மாடல் பெயர் காட்டும். அப்புறம் உபுண்டுவைத் திறந்து, டிஸ்க்ஸ் என்று ஒரு ஆப் இருக்கும், அதில் எஸ்எஸ்டியைச் சொடுக்கி ஈஎஃப்ஐ என்ற பெயரில் சின்னப் பார்ட்டிஷன் இருக்கிறதா என்று பாருங்கள். எதையும் ஃபார்மட் செய்யாதீர்கள், பார்ப்பது மட்டும். அதே ஆப்பில் பழைய டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து மெனுவில் ஸ்மார்ட் டேட்டா (டிஸ்க் தன் நிலையைப் பற்றி வைத்திருக்கும் குறிப்பு) என்பதைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும், ரீஅலொகேட்டட் செக்டார் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), கரண்ட் பெண்டிங் செக்டார் (படிக்கத் திணறும் இடங்கள்) இரண்டு வரிகளிலும் என்ன எண் இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள். வட்டம் சுற்றிக்கொண்டே நிற்பது என்பது, எனக்கென்னவோ அந்த டிஸ்க் படிக்கத் திணறுவது போலப் படுகிறது.

வாலாஜாக்காரி:

சத்துவாச்சாரி அண்ணன் சொன்னதோடு நூறு சதவீதம் ஒத்துப்போகிறேன், ஆனால் அந்த 80070570 எண்ணை யாரும் கவனிக்கவில்லை, அது இந்த பூட் லோடர் விஷயத்தோடு சேராத தனிக் கதை. படித்த ஃபைல் சிதைந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: ஐஎஸ்ஓ டவுன்லோடு ஆகும்போதே கெட்டிருக்கலாம், பென் டிரைவ் சரியில்லாமல் இருக்கலாம், ரேம் தவறாகப் படிக்கலாம்.

ஐஎஸ்ஓவுக்கு ஹேஷ் (ஃபைலிலிருந்து கணக்கிடும் அடையாள எண்) பாருங்கள். மைக்ரோசாஃப்ட் டவுன்லோடு பக்கத்திலேயே எஸ்எச்ஏ256 எண் கொடுத்திருப்பார்கள், உபுண்டுவில் டெர்மினல் திறந்து எஸ்எச்ஏ256சம் கட்டளையில் ஃபைல் பெயரைக் கொடுத்தால் வரும் எண் அதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஐஎஸ்ஓ சரி என்றால் பென் டிரைவை மாற்றிப் பாருங்கள். உண்மையில் 8 ஜிபி மட்டும் இருந்து 64 ஜிபி என்று காட்டும் போலி பென் டிரைவுகள் நிறையப் புழங்குகின்றன, எழுதும்போது எந்தத் தகராறும் வராது, படிக்கும்போதுதான் கைவிரிக்கும். லினக்ஸில் எஃப்3 என்ற கருவி, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, இரண்டும் முழுதாக எழுதித் திரும்பப் படித்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும்.

ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86+ போதும், 6ஆம் பதிப்பிலிருந்து யூஈஎஃப்ஐயிலும் ஓடுகிறது. தனி பென் டிரைவில் எழுதி, செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு, ராத்திரி போட்டுவிட்டுப் படுங்கள். சிவப்பாக ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேமை நம்ப முடியாது. அதற்கு முன்னால் எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் பயாஸ் ஆப்ஷன்) ஆனில் இருந்தால் ஆஃப் செய்துவிடுங்கள், இன்ஸ்டால் முடியும் வரை ரேம் அதன் சாதாரண வேகத்திலேயே ஓடட்டும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டு என்றால் இரண்டு ரேமும் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்க வேண்டும், போர்டு கையேட்டிலும் பெரும்பாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: விண்டோஸ் எல்லாம் பிறகு. அந்தப் பழைய டிஸ்க்கிலிருந்து அப்பாவின் கணக்கு ஃபோல்டரை இன்றைக்கே வெளியே எடுங்கள். கணக்கு டேட்டா பெரிதாக இருக்காது, ஒரு பென் டிரைவிலேயே அடங்கிவிடும்.

குடியாத்தம்காரன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பார்த்தேன்.

பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜர் பக்கத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்கின் மாடல் எண்தான் இருக்கிறது. உபுண்டு டிஸ்க்ஸில் எஸ்எஸ்டியில் ஒரு சின்னப் பார்ட்டிஷனும் பெரிய என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபார்மட்) பார்ட்டிஷனும் தெரிகின்றன, ஈஎஃப்ஐ என்று எதுவும் இல்லை. அந்தச் சின்னதில் மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்டு, 16 எம்பி என்று போட்டிருக்கிறது. அண்ணன் சொன்னது அப்படியே பொருந்துகிறது.

ஸ்மார்ட் பட்டியலில் ரீஅலொகேட்டட் செக்டார் பூஜ்யம் இல்லை, பெண்டிங் செக்டாரில் மூன்று இலக்க எண் நிற்கிறது. கணக்கு ஃபோல்டர் முழுவதும் பென் டிரைவுக்கு வந்துவிட்டது, அப்பாவுக்கு இதைச் சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. உபுண்டு அந்த டிஸ்க்கைப் படிக்க மட்டும்தான் திறக்கிறது, எழுத முடியவில்லை. போட்டோ ஃபோல்டர் பாதி தூரம் வேகமாக வந்து, ஒரு இடத்தில் டிக் டிக் என்று சத்தம் கேட்டு அப்படியே நின்றுவிட்டது. நிறுத்திவிட்டேன்.

ஐஎஸ்ஓ ஹேஷ் பொருந்துகிறது. மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடியது, பிழை இல்லை. அப்படியானால் பென் டிரைவ்தான், வேறொன்று வாங்கிவிட்டேன். இனி எஸ்எஸ்டியில் எப்படித் தொடங்குவது? அதிலேயே ஒரு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் உண்டாக்கிச் சேர்க்க முடியுமா?

சத்துவாச்சாரி:

முடியும். பெரிய பார்ட்டிஷனைக் கொஞ்சம் சுருக்கி, ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் உண்டாக்கி, பிசிடிபூட் கட்டளையால் பூட் லோடரை எழுதலாம். ஏற்கெனவே மென்பொருள் எல்லாம் போட்டு ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் என்றால் நானே அந்த வழியில்தான் போவேன். உங்கள் எஸ்எஸ்டியில் காப்பாற்ற ஒன்றும் இல்லை, அதுவும் சந்தேகத்துக்குரிய பென் டிரைவிலிருந்து காப்பி ஆன விண்டோஸ், அதை வைத்துக்கொண்டு பின்னால் அவதிப்படுவானேன். புதிதாகப் போடுவதுதான் நல்லது.

மெஷினை அணைத்து, எஸ்எம்பிஎஸ் பின்னால் இருக்கும் சுவிட்சையும் அணைத்து, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்துவிட்டு, பழைய டிஸ்க்கின் டேட்டா கேபிள், பவர் கேபிள் இரண்டையும் கழற்றி டிஸ்க்கைக் கேபினெட்டை விட்டே வெளியே எடுத்துவிடுங்கள். இப்போது உள்ளே இருப்பது எஸ்எஸ்டி ஒன்றுதான். செட்டப்பில் அதிலுள்ள பார்ட்டிஷன் எல்லாவற்றையும் டெலீட் செய்யுங்கள், ஒதுக்கப்படாத இடம் என்று ஒரே வரியாக வந்ததும் அதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுங்கள், நீங்களாக எதையும் பிரிக்க வேண்டாம், ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். காட்பாடி நண்பர் சொன்ன கிளீன் கட்டளையை இந்த நிலையில் கொடுத்தாலும் பயமில்லை. முதல் ரீஸ்டார்ட்டில் பென் டிரைவை எடுத்துவிடுங்கள் என்றாரே, அதையும் மறக்காதீர்கள்.

யூபிஎஸ் இருந்தால் அதில் போடுங்கள், யாரிடமாவது இரவல் வாங்கியாவது. காப்பி நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். நெட்வொர்க் டிரைவரையும் போர்டு கம்பெனி தளத்திலிருந்து இறக்கி முன்கூட்டியே பென் டிரைவில் வைத்திருங்கள், செட்டப் இன்டர்நெட் கேட்கும் இடத்தில் சில போர்டுகளின் லேன் வேலை செய்யாது.

வாலாஜாக்காரி:

அந்த டிக் டிக் சத்தத்தில் நிறுத்தினீர்களே, மிகவும் நல்லது. பெண்டிங் செக்டார் இருக்கும் டிஸ்க்கில் ஃபோல்டர் ஃபோல்டராகக் காப்பி செய்துகொண்டே இருந்தால், படிக்க முடியாத இடத்தில் திரும்பத் திரும்ப முட்டி மிச்சம் இருக்கும் உயிரும் போய்விடும். செக்டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் பழுதுபார்க்கும் கருவியையும் ஓட்ட வேண்டாம், அது டிஸ்க்கில் எழுதும், இப்போது நமக்குப் படிப்பது மட்டும்தான் வேலை. உபுண்டு எழுத மறுப்பது பழைய விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பால் இருக்கலாம், முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் நின்ற டிஸ்க்கை அது படிக்க மட்டும்தான் திறக்கும். நமக்கு அதுவே நல்லது, மாற்ற முயல வேண்டாம்.

1 டிபியை விடப் பெரிய இன்னொரு டிஸ்க் யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள். உபுண்டுவில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற கருவியை இன்ஸ்டால் செய்து பழைய டிஸ்க்கை முழு இமேஜாக (டிஸ்க் முழுவதற்குமான ஒரே நகல் ஃபைல்) அதற்கு எடுங்கள். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கிவைப்பது அதன் வழக்கம். எதுவரை படித்தது என்று ஒரு மேப் ஃபைலில் எழுதிக்கொள்ளும், அதனால் நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எது மூலம், எது இலக்கு என்பதை மட்டும் கொள்ளளவையும் மாடல் எண்ணையும் வைத்து இரண்டு முறை சரிபாருங்கள், மாற்றிக் கொடுத்தால் நல்லதை அழித்து எழுதிவிடும். பிறகு அந்த இமேஜிலிருந்து போட்டோக்களை நிதானமாக எடுக்கலாம், பழைய டிஸ்க்கைத் தொட வேண்டிய அவசியமே வராது.

நம் ஊர் வெயிலில் இன்னொரு விஷயமும் உண்டு. மணிக்கணக்கில் படிக்கும்போது டிஸ்க் கொதிக்கும், குடியாத்தமும் வாலாஜாவும் இதில் ஒன்றுதான். டேபிள் ஃபேனை நேராக அதன் மேல் திருப்பி வையுங்கள், ஸ்மார்ட் பட்டியலிலேயே வெப்பநிலை காட்டும், 50 டிகிரியை நெருங்கினால் நிறுத்தி ஆறவிட்டுத் தொடருங்கள், மேப் ஃபைல் இருப்பதால் ஒன்றும் வீணாகாது.

குடியாத்தம்காரன்:

விண்டோஸ் ஏறிவிட்டது. பழைய டிஸ்க்கை வெளியே எடுத்து, புது பென் டிரைவில் போட்டதும் காப்பி ஒரே மூச்சில் முடிந்தது, அந்தப் பிழை எண் எட்டிப் பார்க்கவே இல்லை, ரீஸ்டார்ட் ஆகி நேராகப் பெயர் கேட்கும் திரைக்கு வந்துவிட்டது. பயாஸில் இப்போது விண்டோஸ் பூட் மேனேஜர் பக்கத்தில் எஸ்எஸ்டி பெயர் இருக்கிறது. லேன் வேலை செய்யவில்லை, டிரைவர் கையில் இருந்ததால் பிழைத்தேன். கணக்கு மென்பொருள் போட்டு டேட்டாவை ஏற்றியாகிவிட்டது, எல்லா வருடமும் திறக்கின்றன.

மாமாவிடம் 2 டிபி வெளி டிஸ்க் வாங்கி டிடிரெஸ்க்யூ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பெரும்பகுதி வந்துவிட்டது, கடைசியில் சிறிது மட்டும் மிகவும் மெதுவாகப் போகிறது. கல்யாண வீடியோ இருந்த ஃபோல்டர் தப்புமா என்று இமேஜைத் திறந்த பிறகுதான் தெரியும்.

ஒரே ஒரு சந்தேகம். எல்லாம் எடுத்து முடித்ததும் அந்தப் பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்து, சினிமா, பாட்டு வைக்க மட்டும் மறுபடி உள்ளே மாட்டலாமா?

சத்துவாச்சாரி:

வேண்டாம் தம்பி. பெண்டிங் செக்டார் அந்த அளவில் இருக்கும் டிஸ்க் உள்ளே இருந்தால், நீங்கள் அதைத் தொடாவிட்டாலும் விண்டோஸ் அதைப் படிக்கப் போய் மொத்த மெஷினும் அவ்வப்போது உறைந்து நிற்கும். போட்டோ, வீடியோ எல்லாம் திறந்து பார்த்து உறுதியான பிறகும் கொஞ்ச காலம் அலமாரியில் அப்படியே வைத்திருங்கள், ஃபார்மட் வேண்டாம்.

புது விண்டோஸில் ஒன்று உடனே செய்யுங்கள். செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் வசதி) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாகப் போட்டால் பல மெஷின்களில் அது தானாகவே ஆன் ஆகிவிடும். ஆனில் இருந்தால் அதன் ரிகவரி கீயை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்து, பேப்பரில் எழுதி, அப்பா கணக்கு நோட்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். நாளைக்கு பயாஸ் அப்டேட் செய்தாலோ போர்டு மாற்றினாலோ விண்டோஸ் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கலாம், அது இல்லாமல் எஸ்எஸ்டியில் இருக்கும் கணக்கை நானும் எடுத்துத் தர முடியாது.